விட்டுப்போன வரி

ஜூன் 2

ஐஸ்காரருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். குழந்தை பகலெல்லாம் தூங்கி, எல்லோரும் படுக்கப் போகும்போது கண் விழிக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு மகளுக்கு உடம்பு தேறிவருகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் நான் போனை எடுத்தாலே மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பாவா? ஸ்பீக்கர்ல போடும்மா" என்கிறாள். மாமனார் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆயிற்றே என்று மாப்பிள்ளை ஏ.சி. பற்றி உங்களிடம் சந்தேகம் கேட்கக் காத்திருக்கிறார். நான் சொல்ல வந்தது ஸ்பீக்கரில் போடுகிற விஷயம் இல்லை.

கிளம்புகிற அன்று, "இந்த வீட்ல நான் குடித்தனக்காரி மாதிரிதான் இருக்கேன்" என்று கத்தினேன். கத்தியது தப்பு, சொன்னது தப்பில்லை. இரண்டு வருடமாக ஹாலில் மடக்குக் கட்டிலில் படுக்கிறேன். குறட்டை தாங்கவில்லை என்று நான்தான் சாக்கு சொல்லி வந்தேன். ஒரு நாளாவது நீங்கள் வந்து "உள்ளே வா" என்று சொல்வீர்கள் என்று பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் ஃப்ரிட்ஜ்தான் எனக்குத் துணை. உங்களைவிட அது அதிகம் பேசுகிறது.

அதற்கு முன்னாலும் நீங்கள் சுவரைப் பார்த்துத்தான் படுத்தீர்கள். என் கை தெரியாமல் பட்டால்கூட நகர்ந்துகொண்டீர்கள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். உங்கள் சட்டைப் பையைக்கூடப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது, இருந்தும் பார்த்தேன். ஒரு பஸ் டிக்கெட்டும் ஸ்க்ரூ ஆணியும்தான் இருந்தன.

இப்போது விஷயம். மாடியில் ஒரு அறைக்கு எனக்காக வெள்ளை அடித்திருக்கிறார்கள். நான் நிரந்தரமாக இங்கேயே இருந்துவிட வேண்டும் என்கிறாள் மகள். மாப்பிள்ளைக்குத் தெரிந்த அச்சகத்தில் என்னைப் போல் ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்த ஆள் தேடுகிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்றேன். நான் திரும்பி வருவதற்கு உங்களிடம் ஏதாவது காரணம் இருந்தால் எழுதுங்கள். சோறு வடிக்க ஆளில்லை என்பது காரணமில்லை.

உங்கள் மனைவி


ஜூன் 7

சிவப்புப் பேனாவுக்கு,

உன் கடிதத்தை முழுதாகப் படித்தேன். நான் எதையும் முழுதாகப் படிப்பதில்லை என்று நீ சொல்வாய், இதைப் படித்தேன். பழக் கிடங்கின் குளிர் அறை மக்கர் செய்துகொண்டிருந்தது, ஒரு வழியாக ஓடவைத்தேன். சமையலறைக் குழாய் இப்போது ஒழுகவில்லை. உன் செடிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். சொல்லிவிடுகிறேன். என் மனசு மாறவில்லை. உடம்புதான் மாறிவிட்டது. ஆசை இருக்கிறது, உடம்பு எழுந்து வர மாட்டேன் என்கிறது. உன் பக்கம் திரும்பினால் நீ எதிர்பார்ப்பாய், எதிர்பார்த்தால் நான் தலைகுனிய வேண்டியிருக்கும். சுவரைப் பார்த்துப் படுப்பது சுலபமாக இருந்தது. நீ ஹாலுக்குப் போன அன்று எனக்குப் பாதி நிம்மதியாகவும் பாதி அழுகையாகவும் இருந்தது. அழவில்லை. ரேடியோ போட்டேன்.

நீ கிளம்பிப் போன மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போனேன். போனால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், நம் மகள் வயசு. தப்பான அறைக்கு வந்துவிட்டேன் என்று திரும்பப் பார்த்தேன். "சரியான ரூம்தான், உக்காருங்க" என்றார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர்."

"ஏன் இவ்வளவு நாள் வரல?"

"வேலை டாக்டர்."

"வீட்ல அவங்களுக்குத் தெரியுமா?"

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

சர்க்கரை வியாதி ரத்தக் குழாயைக் கெடுத்திருக்கிறதாம். எல்லோரும் சாப்பிடுகிற மாத்திரையை நான் தொடக் கூடாதாம், நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும். அதனால் ஊசி. எங்கே என்று கேட்காதே, அங்கேதான். நினைத்த அளவு வலிக்கவில்லை, எறும்புக் கடிதான். முதல் ஊசியை அவர் அறையிலேயே போட்டு, பக்கத்திலேயே உட்காரவைத்துப் பார்த்தார். வேலை செய்தது. அளவைக் குறித்துக் கொடுத்து, வீட்டில் நீங்களே ஒரு முறை போட்டுப் பழகுங்கள் என்று குப்பியும் கொடுத்து அனுப்பினார்.

அவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை, வெட்கம். குப்பியோடு வந்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மெஷின் நிற்காமல் நான் மேனுவலைத் திறந்ததில்லை, அதுவும் இது பொடி எழுத்து. நீ படித்துச் சொல்.

நீ கேட்ட காரணம் இதுதான். காரணமாகுமா என்று தெரியவில்லை.

ஐஸ்காரன்


ஜூன் 12

ஐஸ்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். வேறு எங்கே தனியாகப் படிக்க முடியும்? மகள் கதவைத் தட்டி, "வயிறு சரியில்லையாம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருடம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்போம். எனக்கு வயதாகிவிட்டது, பிடிக்காமல் போய்விட்டது என்று என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். உங்கள் வெட்கத்தைக் காப்பாற்ற நீங்கள் என்னைக் கைவிட்டீர்கள். இதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

அடுத்து வந்தது சிரிப்பு. காலண்டரைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கே. அப்புறம் கொஞ்சம் அழுகையும்.

காகிதத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதால் முக்கியமானதைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், நீங்கள் தவறாமல் திறக்கிற கதவு அதுதான். பக்கவாட்டில் மட்டும் போட வேண்டும், மேல்பக்கமும் அடிப்பக்கமும் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற நரம்பில் படக் கூடாது. ஒரு முறை இடது என்றால் மறுமுறை வலது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. போட்டதும் பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டாவது கூடாது, வாரத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை, உங்கள் வேலை இல்லை. இதைச் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் சிவப்பில் இருக்கிறது. நான்கு மணி நேரம் ஆகியும் அடங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. விடிந்ததும் பார்க்கலாம், தானாகச் சரியாகிவிடும் என்றெல்லாம் இல்லை. ரத்தம் உள்ளேயே தேங்கினால் சதையே செத்துப்போகுமாம். அதற்கப்புறம் எந்த ஊசியும் எழுப்பாது.

மருந்தை எப்படி வைப்பது என்றும் ஒரு பத்தி இருக்கிறது. அதை எழுதவில்லை. குளிர் சமாசாரத்தை உங்களுக்கு நான் சொல்லித்தந்தால் யார் கேட்டாலும் சிரிப்பார்கள்.

மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் எழுதியது காரணமாகுமா என்று கேட்டீர்கள். ஊசி காரணம் இல்லை. சொன்னீர்களே, அது காரணமாகலாம். இன்னும் எனக்கு ஆறவில்லை. அவசரப்படுத்தாதீர்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 18

சிவப்புப் பேனாவுக்கு,

நீ எழுதியதை ஒட்டிவிட்டேன். முட்டை எடுக்கப் போனாலும் நீ திட்டுகிறாய், தயிர் எடுக்கப் போனாலும் திட்டுகிறாய். வீட்டில் இருப்பது போலவே இருக்கிறது.

ஆனால் சொல்வதற்கு நல்ல செய்தி இல்லை. நேற்று போட்டுப் பார்த்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புது ஊசி எடுத்து, பக்கவாட்டில் போட்டு, டாக்டர் குறித்த கோட்டைத் தாண்டாமல், அழுத்திப் பிடித்து, எல்லாம் உன் எழுத்துப்படி. ஒன்றும் நடக்கவில்லை. படுக்கையில் உட்கார்ந்து பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அறையில் வந்தது வீட்டில் வரவில்லை.

மருந்து கெட்டிருக்குமோ என்று நீ கேட்பாய். இருக்காது. எப்படிக் காப்பாற்றி வைத்தேன் தெரியுமா? சாதாரணமாகக் கீழ்த் தட்டில் போட்டுவைக்க நான் என்ன கத்துக்குட்டியா? மேலே ஐஸ் பெட்டிக்குள், ஐஸ் தட்டுக்கும் அடியில். கல் மாதிரி இருந்தது. மீனே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிற இடம். போடுவதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொண்டேன்.

ஆகவே குறை என்னிடம்தான். டாக்டரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. புதுக் குப்பி ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். ஐஸ் பெட்டியில் ஐஸ் ஏறிப்போய்க் கதவு மூடவில்லை, அதனால் இதைக் கீழே முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கண்ட வீட்டு ஃப்ரிட்ஜையெல்லாம் கழற்றி மாட்டுகிறவன் வீட்டு ஃப்ரிட்ஜ் இப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை கடைசியாக ஒரு முறை பார்ப்பேன். இந்த முறை கஞ்சத்தனம் பார்க்கப் போவதில்லை.

அதுவும் இல்லையென்றால் நீ அங்கேயே இரு. வெள்ளையடித்த அறை நல்ல அறையாகத்தான் இருக்கும். உன்னை மறுபடியும் ஹாலில் படுக்கவைக்கக் கூப்பிட எனக்கு மனசில்லை.

ஐஸ்காரன்


ஜூன் 22, ஞாயிறு

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்றே வந்திருக்கிறது. மாப்பிள்ளை அதைக் குழந்தையின் துணிகளோடு வைத்துவிட்டார். துணி மடிக்கும்போது இப்போதுதான் பார்த்தேன். போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் எழுதுகிறேன். இது உங்களுக்கு என்றைக்கோ கிடைக்கும், தெரியும்.

குறை உங்களிடம் இல்லை. உறைந்தால் அந்த மருந்து செத்துப்போகும். நான் எழுதாமல் விட்ட பத்தியில் அதுதான் இருந்தது: ஃப்ரிட்ஜின் கீழ்ப் பகுதியில் வைக்கவும், உறைய விடக் கூடாது, உறைந்துவிட்டால் எறிந்துவிடவும். நீங்கள் போட்டது மருந்தே இல்லை, தண்ணீர். முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களே, அதுதான் மருந்து, முழு வேகத்தோடு இருக்கிறது. அதைக் கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள். கஞ்சத்தனம் பார்க்கப் போவதில்லை என்றால் என்ன அர்த்தம்?

மறுபடியும் மணி அடிக்கிறது. எடுங்களேன்.


ஜூன் 25

சிவப்புப் பேனாவுக்கு,

ஞாயிறு மாலை நான் போன் செய்தபோது மாப்பிள்ளை எடுத்தார். "எல்லாம் நல்லபடியா இருக்கு, அத்தைகிட்ட சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டேன். ஏ.சி. பற்றிக்கூட அவர் ஏதோ கேட்டார். நீ பிறகு கூப்பிட்டபோது பக்கத்துப் படுக்கைக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் போட்டேன். இரண்டு மடங்கு. உன் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டுத்தான் போட்டேன், அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. குளிர் போதவில்லை என்றால் கேஸைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கிற மெக்கானிக் புத்தி.

வேலை செய்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உனக்கு போன் செய்யலாமா என்றுகூட நினைத்தேன், ஸ்பீக்கர் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். மதியம் ஆயிற்று, சிரிப்பு போய்விட்டது. பச்சைத் தண்ணீரில் குளித்தேன், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன், படியில் ஏறி இறங்கினேன். வலி ஆரம்பித்தது. உன் போன் வந்தது. உன் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எடுத்து என்ன சொல்வேன்? ஐஸ் எடுத்து வைக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே. கதவில் உன் எழுத்து. நான்கு மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு தாண்டியிருந்தது. நீ முன்னால் நின்று கேட்டது மாதிரி இருந்தது.

மாடி வீட்டு டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டேன். வேட்டியின் மேல் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். "என்னண்ணே, இந்த வெயில்ல போர்வை?" என்றார். "குளிர் ஜுரம்" என்றேன். "உங்களுக்கேவா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார்கள். முதலில் அளவைக் குறைத்துச் சொன்னேன். "உள்ளதைச் சொன்னாத்தான் நாங்க சரியான மருந்து போட முடியும்" என்றார் நர்ஸ் அம்மா. உள்ளதைச் சொன்னேன். ஊசி வைத்துத் தேங்கிய ரத்தத்தை எடுத்தார்கள், அடக்குகிற மருந்தை ஏற்றினார்கள், நாடியையும் பிரஷரையும் விடாமல் பார்த்தார்கள். அடங்கியது. இன்னும் தாமதித்திருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார்கள். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

மறுநாள் நம் டாக்டர் வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல் பாட்டில் ஏன் வேலை செய்யலன்னு யோசிச்சீங்களா? எங்க வெச்சிருந்தீங்க?"

"ஐஸ் பெட்டியில டாக்டர்."

"ஐயோ, உறைஞ்சா அது வீணாப்போச்சே! வேலை செய்யலன்னா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? சரி, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பெயின்ட் அடிக்கிறேன் டாக்டர்."

வேறு எதைச் சொல்லச் சொல்கிறாய்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உன் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

காயம் ஆறி, அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஊசியைத் தொடக் கூடாது. அப்புறம் சின்ன அளவிலிருந்து மறுபடி அவர் எதிரில். அடுத்த முறை மனைவியோடு வாருங்கள் என்றார். உனக்கு எல்லாம் தெரியும் என்றேன். அதைச் சொல்லும்போது காலண்டரைப் பார்க்கவில்லை.

ஊசி இனிமேல் ஒத்துவருமா என்று அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் உனக்குக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. நீ வராவிட்டாலும் புரிந்துகொள்வேன் என்று இந்த இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன், பார். புரிந்துகொள்ள மாட்டேன். வந்துவிடு.

ஐஸ்காரன்


ஜூன் 29

ஐஸ்காரருக்கு,

நீங்கள் அடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். அடித்ததைப் படிப்பதுதானே என் பிழைப்பு. நல்லவேளை, அடித்தீர்கள்.

போர்வை விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் முதலிலிருந்து மறுபடி படித்தேன். தனியாக அந்த வலியோடு படியேறி இறங்கியிருக்கிறீர்கள், நான் இங்கே குழந்தையின் துணியை மடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இனி எது என்றாலும் போனை எடுங்கள். ஸ்பீக்கரில் இருந்தாலும் எடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அச்சகத்தில் பெரிய பிழையெல்லாம் பொடி எழுத்தில் தப்புவதில்லை, தலைப்பில்தான் தப்பும். அங்கே எப்படித் தப்பு வரும் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். குளிர் பற்றி இவருக்குத் தெரியாதா என்று அந்தப் பத்தியைத் தாண்டினேன். இரண்டு வருடமும் அதையேதான் செய்தேன். இவரை எனக்குத் தெரியாதா, பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். என்ன ஆச்சு என்று நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் மேல் இருக்கும் கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று மகளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"அங்க போய் என்னம்மா பண்ணப்போறே? அங்க என்ன இருக்கு?"

"உங்கப்பா இருக்காரு."

"அவரு உன்கூட ஒழுங்காப் பேசறதுகூட இல்லையே."

"இப்பப் பேசறாரு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மாடி அறையில் மாப்பிள்ளையின் அம்மா வந்து இருக்கப்போகிறார். குழந்தைக்கு அவர் குரல் பிடித்திருக்கிறது.

வியாழன் காலை ரயிலில் வருகிறேன். வெள்ளிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவையுங்கள், நானும் உள்ளே வந்து உட்காருவேன். கேட்க வேண்டியதை எழுதிவைத்திருக்கிறேன். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடப் போகிறேன். ஊசி ஒத்துவந்தால் சந்தோஷம். வராவிட்டால் வேறு வழி இருக்கிறதா என்று கேட்போம். எதுவுமே இல்லை என்றாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, நீங்கள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் போதும்.

ஐஸ் பெட்டியில் ஏறியிருக்கும் ஐஸை நான் வருவதற்குள் கரைத்துவிடுங்கள். மறக்காமல், ஹாலில் இருக்கும் கட்டிலை மடித்துப் பரணில் போட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவி